சூடு ஏறட்டும், பிறகு எழுதலாம்: எஸ்டி-225 ஹார்ட் டிஸ்க் பராமரிப்பு

எஸ்டி-225 என்ற பழைய ஹார்ட் டிஸ்குக்குத் தன் ஹெட் (தட்டில் படித்து எழுதும் முனை) தடத்தின் (தட்டில் டேட்டா பதியும் வட்டக்கோட்டின்) நடுவில் நிற்கிறதா, ஓரத்தில் நிற்கிறதா என்று தெரியாது. வட்டை இயக்கும் கன்ட்ரோலர் கார்டு பத்துத் துடிப்பு அனுப்பினால் ஸ்டெப்பர் மோட்டார் பத்துப் படி திரும்பும், அத்தோடு நின்றுவிடும். தடத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் செக்டர் என்று பெயர். அதன் தலைப்பில் எழுதியிருக்கும் சிலிண்டர் எண்ணை, அதாவது எத்தனையாவது தடம் என்பதைப் படித்து, வந்த தடம் சரிதானா என்று கார்டு பார்த்துக்கொள்ளும். ஆனால் ஹெட் மயிரிழை விலகி நின்றால் அதைத் திருத்த எந்த ஏற்பாடும் இல்லை. பிற்கால வட்டுகளில் தட்டிலேயே சர்வோ குறிகள் இருக்கும். ஹெட் அவற்றைப் படித்துப் படித்துத் தன்னை நடுவில் நிறுத்திக்கொள்ளும். இங்கே தடம் என்பது, ஃபார்மட் செய்த நாளில் ஹெட் எங்கே நின்றதோ அந்த இடம். அன்றைக்கு வட்டு எவ்வளவு சூடாக இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, எந்தக் கார்டு எழுதியது என்பதெல்லாம் அந்தத் தடத்தோடு சேர்ந்தே பதிந்திருக்கும். இந்த வட்டைப் பராமரிப்பதில் முக்கால்வாசி வேலை, அந்த நிலைமைகளைக் கலைக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

கலிஃபோர்னியாவின் ஸ்காட்ஸ் வேலியில் இருந்த சீகேட் நிறுவனம் 1980களின் நடுவில் விற்ற வட்டு இது. 5.25 அங்குல அகலம், அரை உயரம். 2 தட்டு, 4 ஹெட், 615 சிலிண்டர், ஒரு தடத்துக்கு 17 செக்டர், ஒரு செக்டருக்கு 512 பைட். பெருக்கிப் பார்த்தால் 2,14,11,840 பைட். ‘20 எம்பி’ என்று எல்லோரும் சொன்னது இதைத்தான். நிமிடத்துக்கு 3600 சுற்று. ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சராசரியாக 65 மில்லிசெகண்ட். 1983இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியில் முதலில் முழு உயர 10 எம்பி வட்டுதான் இருந்தது. எஸ்டி-225 பின்னால் வந்த எக்ஸ்டிகளிலும் எண்ணற்ற குளோன்களிலும் ஏறியது. இன்றைக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கைக்கு வந்து, உள்ளே எம்எஃப்எம் (அந்தக் காலத்துப் பதிவு முறை) வட்டு இருந்தால், அது இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த வகை ஸ்டெப்பர் வட்டுகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வட்டு கைக்கு வந்த முதல் நாள் செய்யக் கூடாத ஒன்று உண்டு: ஃபார்மட். மின்சாரம், கேபிள், சுழற்சி, நகல் எல்லாம் முடிந்த பிறகே எழுதும் வேலை. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிய கடிதமும் கணக்கும் நிரலும் அதில் இருக்கலாம். வேறெங்கும் பிரதி இல்லாத மென்பொருள்கூட இருக்கலாம். ஒரு ஃபார்மட் போதும், எல்லாம் போய்விடும்.

மின்சாரத்திலிருந்து தொடங்குவோம். வட்டைக் கழற்றி வைத்துவிட்டு பவர் சப்ளையைத் தனியாகச் சோதியுங்கள். அந்தக் காலத்து ஸ்விட்சிங் சப்ளைகள் பலவற்றுக்கு லோடு இல்லாமல் சரியாக ஓடத் தெரியாது. மஞ்சள், கறுப்பு ஒயர்களுக்கிடையே 12 வோல்ட் 21 வாட் கார் பல்பு ஒன்றைப் போடுங்கள். அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். வட்டு சுழலத் தொடங்கும்போது இழுப்பதும் அந்த அளவை ஒட்டியதுதான். சிவப்பு ஒயரிலும் கொஞ்சம் லோடு வேண்டும். மல்டிமீட்டரில் 12 வோல்ட் பக்கம் 11.4க்கும் 12.6க்கும் நடுவிலும், 5 வோல்ட் பக்கம் 4.75க்கும் 5.25க்கும் நடுவிலும் நிற்க வேண்டும். 12 வோல்ட் தொய்ந்தால் வட்டு முழு வேகம் எட்டாது. எட்டாத வட்டு ‘ரெடி’ சொல்லாது. கம்ப்யூட்டரைத் தொடக்கும் பயாஸ் நிரல் 1701 என்று எண் காட்டி நிற்கும். ‘வட்டு செத்துப்போச்சு’ என்று கேள்விப்படும்போது முதலில் சப்ளையைச் சந்தேகியுங்கள். முதல் ஐபிஎம் பிசியின் சப்ளை வெறும் 63.5 வாட், ஹார்ட் டிஸ்க் வைத்த எக்ஸ்டிக்கு 130 வாட் கொடுத்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

சப்ளையே கிளம்பாமல் ‘டிக்’ என்று அடங்கிவிட்டால் டான்டலம் கபாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். எக்ஸ்டி மதர்போர்டில் 12 வோல்ட் வரியில் 16 வோல்ட் மதிப்புள்ள 10 மைக்ரோஃபாரட் டான்டலம்களைப் போட்டிருப்பார்கள். அந்த இடைவெளி போதாது. வருடக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு மின்சாரம் பட்டதும் ஷார்ட் ஆகும், சில நேரம் சின்னதாகத் தீப்பொறியோடு வெடிக்கும். வட்டின் போர்டிலும் இதே கதை நடக்கும். எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது எளிது: பவர் கனெக்டரைக் கழற்றிவிட்டு, வட்டின் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். ஓரிரு ஓமுக்குள் நின்றால் ஷார்ட். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், ஆனால் 25 வோல்ட் அல்லது 35 வோல்ட் போடுங்கள். டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் பாசிட்டிவ். எலக்ட்ரோலிடிக்கில் கோடு நெகட்டிவைக் குறிக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தலைகீழாகப் போட்டால் மறுபடி வெடிக்கும்.

அடுத்து கேபிள். வட்டுக்கு இரண்டு ரிப்பன் வரும்: 34 பின் கட்டுப்பாட்டுக் கேபிள், 20 பின் டேட்டா கேபிள். இரண்டும் வட்டின் போர்டு விளிம்பில் நேராகச் செருகுபவை. அந்த விளிம்பின் பொன்னிற விரல்களில் படலம் படிந்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் துடையுங்கள். போகாவிட்டால் மட்டும் வெள்ளைப் பென்சில் ரப்பரால் ஒருமுறை மெதுவாகத் தேயுங்கள். ரப்பர் துகளை ஊதாதீர்கள், துடைத்தெடுங்கள்.

34 பின் கேபிளில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. ஃப்ளாப்பிக்கும் ஹார்ட் டிஸ்குக்கும் ஒரே அகலக் கேபிள்தான், இரண்டிலும் நடுவில் ஒரு முறுக்கு இருக்கும். ஃப்ளாப்பி கேபிளில் முறுக்கு 10 முதல் 16 வரையிலான ஒயர்களில். ஹார்ட் டிஸ்க் கேபிளில் 25 முதல் 29 வரை. மாற்றிச் செருகினால் எதுவும் புகையாது, ஆனால் வட்டும் பதில் சொல்லாது. சந்தேகம் வந்தால் சிவப்பு ஒயரை 1 என்று வைத்து எண்ணிப் பாருங்கள். முறுக்குள்ள கேபிளின் கடைசி முனையில் ஒரே வட்டு இருந்தால், வட்டின் டிரைவ் செலக்ட் ஜம்பர் இரண்டாம் இடத்தில் இருக்க வேண்டும். முறுக்கு அதை முதலாவதாக மாற்றிக் காட்டும். முறுக்கில்லாத நேர்க் கேபிள் என்றால் முதல் இடம். வட்டுப் போர்டில் ஐசி போலவே சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் டெர்மினேட்டர் ரெசிஸ்டர் பொட்டலத்தைக் கழற்றிவிடாதீர்கள். கேபிளின் கடைசி வட்டில் அது கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு வட்டு இருந்தால் நடுவில் உள்ளதில் மட்டும் எடுத்துவிட வேண்டும். டேட்டா கேபிள் வட்டுக்கு வட்டு தனி. கேபிளை இடம் மாற்றிப் போட்டால் ஒரு வட்டைத் தேர்ந்தெடுத்து இன்னொன்றிலிருந்து படிக்க முயலும், எல்லாமே பிழையாக வரும்.

இனி வட்டைச் சுழல விடலாம். கிடைமட்டமாக, போர்டு கீழ்ப்பக்கம் இருக்க, அசையாத இடத்தில் வையுங்கள். மின்சாரம் கொடுத்ததும் மெல்லிய உறுமல் ஏறி ஏறிப் பத்துப் பதினைந்து விநாடியில் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். அதன் பிறகு ஹெட் ஓடித் திரும்பும் ‘ட்ர்ர்ர்’ ஒலி கேட்கும். ஏறும் ஒலி வந்து ‘ட்ர்ர்ர்’ வராவிட்டால் ஸ்டெப்பர் பக்கம் சிக்கல்: பழைய கிரீஸ் இறுகியிருக்கலாம், தடம் பூஜ்யத்தைக் காட்டும் ஒளி உணரியில் தூசி இருக்கலாம்.

உறுமலே இல்லாமல் மெல்லிய ‘ம்ம்’ மட்டும் கேட்டால் ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வட்டு நின்றிருக்கும்போது ஹெட் நேராகத் தட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். வழவழப்பான இரண்டு பரப்புகள், நடுவில் மசகும் ஈரமும்; வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தால் ஒட்டிக்கொள்ளும். மோட்டாருக்கு அதைப் பிய்க்கும் முறுக்குவிசை இல்லை. மேசையில் தட்டுவது, சுத்தியால் அடிப்பது எல்லாம் பழைய கைமருந்துகள். அவற்றில் ஹெட்டைத் தாங்கும் மெல்லிய தகடு வளைந்துவிடும். செய்ய வேண்டியது இதுதான்: கேபிளுக்கு நீளம் விட்டு, வட்டைத் தட்டையாக இரண்டு கையாலும் பிடித்து, மின்சாரம் கொடுத்த அந்தக் கணத்தில் ஸ்பிண்டிலை அச்சாக வைத்து மணிக்கட்டால் சட்டென்று கால் சுற்று திருப்பி நிறுத்துங்கள். பெட்டி திரும்பும், உள்ளே தட்டு தன் நிலைமத்தால் பின்தங்கும். ஹெட் பக்கவாட்டில் வழுக்கி விடுபடும். மேல்நோக்கிப் பிய்வதைவிடப் பக்கவாட்டில் வழுக்குவது பரப்புக்கு மிகவும் இதமானது. இப்படி விடுபட்ட வட்டு சுழலத் தொடங்கினால், நகல் எடுத்து முடிக்கும்வரை அணைக்காதீர்கள். அடுத்த முறை கிளம்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஓடும்போது ஹெட் தட்டுக்கு மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான உயரத்தில் காற்றில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் சுற்று. வீட்டுக் காற்றிலிருந்து விழும் எந்தத் தூசியும் அந்த இடைவெளிக்குப் பாறாங்கல். மேல்மூடியில் ஒரு சிறு துளை இருந்தால் அது மூச்சுத் துளை, உள்ளே வடிகட்டி உண்டு. அதன்மேல் டேப் ஒட்டிவிடாதீர்கள். குவான்டம் புரோடிரைவ் போன்ற சில பிற்கால வட்டுகளில் ரப்பர் தடுப்பு கூழாகி ஹெட் அதில் சிக்கிக்கொள்ளும். அங்கே திறந்தே தீர வேண்டியிருக்கும். எஸ்டி-225க்கு அந்த நோய் இல்லை.

வெளியிலிருந்தே சரிசெய்யக்கூடிய ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம். வட்டின் அடிப்புறத்தில், ஸ்பிண்டில் தண்டின் முனையை ஒரு மெல்லிய செப்புநிறத் தகடு தொட்டுக்கொண்டிருக்கும். அதன் நுனியில் மிளகளவுக்கும் சிறிய கறுப்புப் பொட்டு, கிராஃபைட். தண்டு சுழலச் சுழல அந்தப் பொட்டில் குழி விழும். குழியின் விளிம்பு தண்டோடு உரசி, தகடு வயலின் நரம்பு மாதிரி அதிரும். பழைய கம்ப்யூட்டரிலிருந்து வரும் காதைக் கிழிக்கும் ‘க்ரீச்’ பெரும்பாலும் இதுதான். பேரிங் போய்விட்டது என்று நினைத்துப் பலர் நல்ல வட்டைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். ஒரு மரக்குச்சியால் தகட்டை லேசாகத் தொட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் நோய் தெரிந்துவிட்டது. தகட்டின் முதுகில் சிறு துண்டு ஃபோம் அல்லது ரப்பரை ஒட்டினால் அதிர்வு அடங்கும். எண்ணெய் விடக் கூடாது. மின்தொடர்பு கெடும், துளி உள்ளேயும் போகலாம். தகட்டையே கழற்றிவிடுவதும் தவறு. சுழலும் தட்டில் காற்றின் உராய்வால் நிலைமின்சாரம் சேரும். அதை வடிக்கத்தான் அந்தத் தகடு இருக்கிறது. அது இல்லாவிட்டால் மின்சாரம் ஹெட் வழியாக இறங்கும். படிப்பதில் விளக்கம் சொல்ல முடியாத பிழைகள் அவ்வப்போது தலைகாட்டும்.

வட்டு ஓடுகிறது. இப்போது நகல். சிறந்த வழி, பீகிள்போன் என்ற சிறு கம்ப்யூட்டர் பலகையின் மேல் அமரும் எம்எஃப்எம் ரீடர். அது கார்டை நம்பாமல் காந்தத் திசை மாறும் கணங்களையே பதிவுசெய்கிறது, எந்தக் கார்டு எழுதிய வடிவத்தையும் பிறகு பிரித்தெடுக்கலாம். இது ஏன் முக்கியம் என்றால், எம்எஃப்எம் காலத்தில் வட்டு வெறும் இயந்திரம்தான். துடிப்புகளிலிருந்து பிட்டுகளைப் பிரிக்கும் மூளை கார்டில் இருந்தது. ஒரு கார்டில் ஃபார்மட் செய்த வட்டை வேறு நிறுவனக் கார்டில் மாட்டினால் பெரும்பாலும் படிக்காது. வட்டு ஒரு இடத்திலிருந்தும் கார்டு இன்னொரு இடத்திலிருந்தும் கிடைத்து, ‘எல்லா செக்டரும் பிழை’ என்றால் வட்டைக் குறை சொல்லாதீர்கள். பழைய கம்ப்யூட்டரைப் பிரிக்கும்போது வட்டையும் அதன் கார்டையும் ஒரே பையில் போட்டு வையுங்கள், ஒருபோதும் பிரிக்காதீர்கள்.

ரீடர் இல்லை, கம்ப்யூட்டர் பூட் ஆகிறது என்றால், அதே பெட்டியில் எக்ஸ்டி-ஐடிஇ கார்டு (எக்ஸ்டியில் ஐடிஇ வகை வட்டு மாட்ட உதவுவது) ஒன்றைச் செருகி காம்பேக்ட் ஃப்ளாஷ் மெமரி கார்டுக்கு நகலெடுக்கலாம். எக்ஸ்டியின் ஹார்ட் டிஸ்க் கார்டு 320 ஹெக்ஸ் முகவரியிலும் அதன் ரோம் சி800லும் இருக்கும். எக்ஸ்டி-ஐடிஇயை 300 ஹெக்ஸிலும் அதன் ரோமை டி000லும் வைத்தால் இரண்டும் மோதாது. டாஸ் இயங்குதளத்தில் 3.2 முதல் எக்ஸ்காப்பி என்ற நகலெடுக்கும் நிரல் உண்டு, ஆனால் மறைந்த கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் அது விட்டுவிடும். அவற்றைத் தனியாக எடுங்கள்.

படிக்கும்போது பிழை வந்தால் டாஸ் சொல்லும் வாசகத்தைக் கவனியுங்கள், இரண்டும் வேறு வேறு நோய். ‘டேட்டா எரர்’ என்றால் செக்டர் கிடைத்தது, உள்ளே இருந்த 512 பைட் சரியாக வரவில்லை. ‘செக்டர் நாட் ஃபவுண்ட்’ என்றால் செக்டரின் தலைப்பையே படிக்க முடியவில்லை. இந்த வகை வட்டில் இரண்டாவதுதான் அதிகம் வரும், காரணமும் தெளிவு. டேட்டா பகுதி ஒவ்வொரு முறை எழுதும்போதும் புதிதாகிறது. தலைப்போ லோ லெவல் ஃபார்மட்டில், அதாவது தடங்களையே வரையும் அடிப்படை ஃபார்மட்டில், ஒருமுறை எழுதியதோடு சரி, அதன் பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. ஸ்டெப்பரின் தேய்மானத்தால் ஹெட் நிற்கும் இடம் வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. டேட்டா ஹெட்டோடு சேர்ந்து நகர்ந்துவிடும், தலைப்பு பழைய இடத்திலேயே தங்கிவிடும். ஒரு கட்டத்தில் இரண்டையும் ஒரே நிற்பில் படிக்க முடியாமல் போகும்.

அப்போது கைகொடுப்பது சூடும் சாய்வும். அங்குலத்துக்கு 588 தடங்கள் என்றால் தடத்துக்குத் தடம் ஏறத்தாழ 43 மைக்ரான். அலுமினியம் 40 மில்லிமீட்டர் நீளத்தில் 20 டிகிரி சூடேறினால் 18 மைக்ரானுக்கு மேல் விரியும். எல்லாப் பாகமும் ஒரே அளவு விரிந்தால் பாதகமில்லை. ஆனால் எஃகுப் பாகங்கள் பாதியளவுதான் விரியும், தட்டு உடனே சூடாகும், பெட்டி மெதுவாகச் சூடாகும். அந்த மீதி வித்தியாசம்தான் காலையில் படிக்காத வட்டு மதியம் படிப்பதற்குக் காரணம். ஆகவே நகலெடுக்கும்போது முதலில் குளிர்ந்த நிலையில் ஒரு சுற்று, அரைமணி ஓடவிட்டு ஒரு சுற்று, பிறகு அணைத்து, பக்கவாட்டில் நிறுத்தி ஒரு சுற்று, மறுபக்கம் நிறுத்தி ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் கிடைக்கும் செக்டர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போர்டு மேலே பார்க்கத் தலைகீழாக மட்டும் ஓட்ட வேண்டாம்.

நகல் கையில் பத்திரமான பிறகுதான் லோ லெவல் ஃபார்மட்டைப் பற்றிப் பேச வேண்டும். இது தலைப்புகளையும் சேர்த்து எல்லாவற்றையும் ஹெட் இப்போது நிற்கும் இடத்தில் புதிதாக எழுதுகிறது, அதனால் வட்டுக்குப் புது ஆயுள் கிடைக்கிறது. வட்டை அது இனி வாழப்போகும் பெட்டியிலேயே, அதே நிலையிலேயே பொருத்துங்கள். திருகுகளை அளவாக முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் சட்டம் நெளியும், நெளிந்த நிலையில் ஃபார்மட் ஆகும், பின்னால் திருகைத் தளர்த்தினால் தடம் விலகும். பெட்டியின் மூடியையும் போட்டுவிடுங்கள், திறந்த பெட்டியின் சூடு வேறு. அரைமணி நேரம் ஓடவிடுங்கள், முக்கால் மணி இன்னும் நல்லது. குளிர்ந்த வட்டில் செய்த ஃபார்மட், செய்யாததைவிட மோசம்: சூடானதும் எல்லாம் விலகி நிற்கும்.

அதற்குள் வட்டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையிலேயே கண்டுபிடித்த பழுதான தடங்களின் சிலிண்டர் எண்ணும் ஹெட் எண்ணும் அதில் இருக்கும். இந்தக் கார்டுகளுக்கு அவை தானாகத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். தொழிற்சாலைக் கருவி நம் கார்டைவிட நுட்பமாகச் சோதித்தது. இன்று அந்தத் தடம் நன்றாகப் படித்தாலும் லேபிளை நம்புங்கள். ஒரு தடம் போனால் 8.5 கேபிதான் நஷ்டம்.

எக்ஸ்டியில் வெஸ்டர்ன் டிஜிட்டல் கார்டு இருந்தால் ஃபார்மட் நிரல் கார்டின் ரோமிலேயே இருக்கிறது. டாஸ் ஃப்ளாப்பியிலிருந்து பூட் செய்து, டாஸோடு வரும் டீபக் நிரலை ஓட்டுங்கள். முதலில் ‘டி சி800:0’ என்று அடித்துப் பாருங்கள் (ஆங்கில எழுத்தில்தான்). முதல் இரண்டு பைட் 55, ஏஏ என்று வந்தால் கார்டின் ரோம் உயிரோடு அங்கே இருக்கிறது. பிறகு ‘ஜி=சி800:5’. அடாப்டெக் கார்டுகளில் ‘ஜி=சி800:சிசிசி’, ஓஎம்டிஐ கார்டுகளில் ‘ஜி=சி800:6’. டிரைவ் எது, இன்டர்லீவ் (கீழே விளக்குகிறேன்) எவ்வளவு, பழுதான தடங்களைக் குறிக்கவா என்று வரிசையாகக் கேட்கும். வட்டின் அளவு விவரம் கேட்டால் 615 சிலிண்டர், 4 ஹெட், ரைட் ப்ரீகாம்ப் 300. இந்தக் கடைசி எண்ணைச் சும்மா விட்டுவிடாதீர்கள். உள்வட்டத் தடங்களில் பிட்டுகள் நெருக்கமாக விழும், அடுத்தடுத்த காந்தத் திருப்பங்கள் ஒன்றையொன்று தள்ளும். 300ஆம் சிலிண்டரிலிருந்து கார்டு அதை எதிர்பார்த்து முன்பின்னாக எழுத வேண்டும். எண் தவறினால் வெளித்தடங்கள் பிரமாதமாக இருக்கும், உள்தடங்களில் மட்டும் பிழை குவியும். ஐபிஎம் ஏடி வகைக் கம்ப்யூட்டரில் இந்த வட்டு பயாஸ் பட்டியலில் டைப் 2. அங்கே அமைப்புகளை நினைவில் வைக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்து டைப் எண் மறந்துபோனதாலேயே ‘வட்டு போச்சு’ என்று முடிவு கட்டுவோர் உண்டு.

இன்டர்லீவ் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வேகம் முழுக்க இதில்தான் இருக்கிறது. தட்டு ஒரு சுற்றுக்கு 16.67 மில்லிசெகண்ட் எடுக்கிறது, ஒரு செக்டர் ஹெட்டுக்குக் கீழே கடக்க ஏறத்தாழ 1 மில்லிசெகண்ட். 4.77 மெகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர் ஒரு செக்டரை வாங்கி வைப்பதற்குள் அடுத்தது கடந்துபோய்விடும். அதனால் 1, 2, 3 என்ற செக்டர்களை இடம் விட்டு விட்டு எழுதுகிறோம். இன்டர்லீவ் 3 என்றால் மூன்று சுற்றில் ஒரு தடம், விநாடிக்கு 170 கேபி. 6 என்றால் ஆறு சுற்று, 85 கேபி. பேராசைப்பட்டு 2 வைத்து, கார்டால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் ஒவ்வொரு செக்டருக்கும் முழுச் சுற்று காத்திருக்க நேரும்: 27 கேபிக்கு விழும். மெதுவாகப் போகட்டும், தவறவிடக் கூடாது. இந்த வகை வெஸ்டர்ன் டிஜிட்டல் கார்டுகளுக்கு 3 பொருத்தம். ஸ்பின்ரைட் போன்ற நிரல் இருந்தால் அதுவே ஒவ்வொரு இன்டர்லீவையும் அளந்து காட்டும். டேட்டாவை அழிக்காமல் தடம் தடமாக எடுத்து, லோ லெவல் ஃபார்மட் செய்து திரும்ப வைக்கவும் அதற்குத் தெரியும். நடுவில் மின்சாரம் போனால் கையிலிருக்கும் தடம் போய்விடும், ஆகவே யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

பிறகு வட்டைப் பகுதியாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க், அதன் பிறகு டாஸின் ஃபார்மட். டாஸ் 3.0க்கு முந்தையதைப் போட வேண்டாம்: ஃபேட்12 (ஃபேட் என்பது கோப்புகளின் இடக்குறிப்பு அட்டவணை) முறையில் 20 எம்பிக்கு ஒரு கிளஸ்டர், அதாவது கோப்புக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இடம், 8 கேபி ஆகும், ஒரு வரி பேட்ச் கோப்புகூட 8 கேபி தின்னும். 3.0 முதல் ஃபேட்16, கிளஸ்டர் 2 கேபி. ஃபார்மட் முடிந்ததும் செக்டிஸ்க் ஓட்டி, பழுதான செக்டர்களில் எத்தனை பைட் என்று வரும் எண்ணை ஒரு சீட்டில் எழுதி வட்டின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். கூடவே தேதி, கார்டின் பெயர், இன்டர்லீவ், எத்தனை நிமிடம் சூடாக்கினீர்கள், வட்டு எந்தப் பக்கம் பார்த்திருந்தது. செக்டிஸ்க் தானாக வட்டைச் சோதிக்காது; ஸ்பின்ரைட் போன்ற நிரலால் முழுவதும் சோதித்த பிறகும் அந்த எண் வருடக்கணக்கில் மாறாமல் இருந்தால் வட்டு நலம். மெல்ல ஏறினால் மறுபடி நகலெடுத்து லோ லெவல் ஃபார்மட். ஃபார்மட்டுக்குப் பின்னும் ஒரே ஹெட்டில் மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்தத் தட்டின் பரப்பு உதிர்கிறது. அந்த வட்டை ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். போர்டு பழுதானது மட்டுமென்றால் அதே மாடலின் போர்டைக் கழற்றி மாட்டலாம். பிற்கால வட்டுகளைப் போல ஒவ்வொரு வட்டுக்கும் தனித் திருத்த எண்கள் இதன் போர்டில் இல்லை.

தினசரி ஒழுக்கம் ஒன்றே ஒன்று: பார்க் செய்வது. அணைக்கும்போது எஸ்டி-225 தன் ஹெட்டைத் தானாக ஓரம் கட்டாது. எங்கே நின்றதோ அங்கேயே இறங்கும். டாஸ் அடிக்கடி போவது வெளிவிளிம்பில் உள்ள ஃபேட்டுக்கு. ஹெட் தினமும் தரையிறங்குவதும் அங்கேதான் என்றால், வட்டின் வரைபடமே தேய்கிறது என்று அர்த்தம். இந்த வட்டுக்கு இறங்குமிடம் 670ஆம் சிலிண்டர், கடைசி டேட்டா தடத்துக்கும் உள்ளே. பார்க் நிரலை ஓட்டியதும் உடனே சுவிட்சை அணையுங்கள். நடுவில் ஒரு டிஐஆர் அடித்தால்கூட ஹெட் மறுபடி வெளியே வந்துவிடும். கம்ப்யூட்டரை இடம் மாற்றும் நாளில் மட்டும் பார்க் செய்தால் போதும் என்பது அந்தக் காலத்து எண்ணம். வட்டுகள் புதிதாகக் கிடைத்த காலம் அது.

தினசரி வேலைக்குக் காம்பேக்ட் ஃப்ளாஷை வைத்துக்கொண்டு எஸ்டி-225ஐ அவ்வப்போது ஓட்டுவதே சரி என்பது என் கருத்து. அதற்காக அலமாரியில் மறந்துவிடக் கூடாது, ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைமணி ஓடவிட்டு, முழு வட்டையும் ஒருமுறை படிக்க வையுங்கள். ஹெட் முதல் சிலிண்டரிலிருந்து கடைசிவரை போய் வந்தால் ஸ்டெப்பரின் கிரீஸும் இறுகாது. கழற்றி வைப்பதானால் பார்க் செய்து, ஆன்டிஸ்டாடிக் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, கார்டையும் இரண்டு கேபிளையும் சேர்த்துப் போடுங்கள். கடலோர ஊர் என்றால் ஜெல்லை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெளியே எடுக்கும் அன்று, அறையின் சூட்டுக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் மேசையில் கிடக்கட்டும், பிறகு சுவிட்சைப் போடுங்கள்.